புது எஞ்சினும் பழைய படகும்

புது ஔட்போர்ட் எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படகில் மாட்டியதும் கரையில் இரண்டு விதமான யோசனைகள் வந்து விழும். "மொத நாளே முழுசா முறுக்கி ஓட்டு, அப்பத்தான் எஞ்சின் பழகும்" என்பார் ஒருவர். "ஒரு மாசத்துக்கு மெல்லவே ஓட்டு" என்பார் இன்னொருவர். இரண்டுமே எஞ்சினின் ஆயுளைக் குறைக்கும். காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது.

சிலிண்டரின் உட்சுவர் வழவழவென்று இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், தொழிற்சாலையிலேயே அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போட்டு அனுப்புகிறார்கள். எண்ணெய் தங்குவதற்கான இடம் அந்தக் கீறல்கள்தான். கீறல்களுக்கு இடையே நிற்கும் மேடுகளைப் பிஸ்டன் வளையங்கள் உரசித் தேய்த்து, சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டு அப்புறம்தானே மிளகாய் வைப்போம்? அது போன்ற வேலைதான் இது. பெரும்பாலான கையேடுகள் இதற்கு ஒதுக்குவது 10 மணி நேரம்.

வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயுவின் அழுத்தம் வளையத்துக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எப்போதும் மெல்லவே ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. மேடுகள் தேயாமல் நிற்க, எண்ணெய் சுவரில் கருகி மெருகுபோல் படிந்துவிடும். அதன்பிறகு வளையம் பொருந்தாது. புகை, எண்ணெய்ச் செலவு, இழுவைக் குறைவு எல்லாம் தொடங்கும். முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டினாலோ, தேயாத மேடுகளில் உரசல் சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்கிறார்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக் மாடல்களுக்கான முறை இது: முதல் மணி நேரம் 2000 ஆர்பிஎம் அளவில், இரண்டாவது மணி நேரம் 3000 அளவில், மீதி எட்டு மணி நேரத்தில் முழுத் திராட்டிலில் ஒரே மூச்சாக 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயையும் கூட்ட வேண்டும். பல மாடல்களில் இந்தக் காலத்துக்கு 25 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர், அதாவது 10 லிட்டருக்கு 400 மில்லி. பழகிய பிறகு அதில் பாதி. உங்கள் மாடலின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிட்டு, "ரன்னிங் இன் முடிஞ்சது" என்று சொல்பவர்கள் உண்டு. டிரம்மில் எஞ்சினுக்குச் சுமையே இல்லை. தண்ணீர் வருகிறதா, கியர் விழுகிறதா என்று சோதிக்க அது போதும். வளையம் பொருந்தப் படகு நகர வேண்டும்.

அந்தச் சுமையைத் தீர்மானிப்பது படகு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய ஃபைபர் படகு புதிதில் இருந்த எடையில் இருக்காது. பூச்சு மேல் பூச்சு ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் நுரையும் ஒட்டுப்பலகையும் தண்ணீர் குடித்திருக்கும். அப்படிப்பட்ட படகில் கைப்பிடியைப் பாதி முறுக்கினால் ஆர்பிஎம் பாதிக்கு வரும் என்று நம்ப முடியாது. எஞ்சின் திணறும், சூடாகும். ஆகவே கையை நம்பாமல் எண்ணை நம்புவதே சரி. பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன டாக்கோமீட்டர் போதும், பெரிய செலவில்லை.

எண் குறைவாக வந்தால் குறை பெரும்பாலும் புரொப்பல்லரில்தான். பழகும் காலம் முடிந்து, வலையும் ஐஸும் ஆட்களும் ஏறிய நிலையில் முழுத் திராட்டில் கொடுத்தால், எஞ்சின் அதற்குக் குறித்த வரம்பைத் தொட வேண்டும். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக்கில் அது பொதுவாக 4500 முதல் 5500. தொடவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் போட வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். பழைய எஞ்சினோடு வந்த புரொப்பல்லரை, "நல்லாத்தானே இருக்கு" என்று அப்படியே புதிதில் மாட்டிவிடுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. லட்சம் கொடுத்து வாங்கிய எஞ்சினைச் சில ஆயிரத்துக்காக மூச்சுத் திணற வைக்கும் வேலை அது.

அடுத்தது அமரத்தில் எஞ்சின் தொங்கும் பின்பலகை. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக், மாடலைப் பொறுத்து 45 முதல் 52 கிலோ வரை இருக்கும். பழைய பின்பலகையின் வெளிப்பூச்சு பளிச்சென்று இருக்க, போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் உள்பலகையை மக்கச் செய்திருக்கலாம். ஸ்குரூடிரைவரின் பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால் தெரியும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், மக்கிய இடம் பொத்தென்று அடங்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் உட்புறத்தில் மெல்லிய துளை ஒன்று போட்டுப் பார்க்கலாம். துரப்பணத்தோடு வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் பலகை உயிரோடு இருக்கிறது. கறுத்த ஈரத்தூள் வந்தால் எஞ்சினை மாட்டுவதற்கு முன் பலகையை மாற்ற வேண்டும். துளையை எப்பாக்சி வைத்து அடைத்துவிடலாம். நல்ல பலகையிலும் கிளாம்ப் திருகுகளை முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை இறுக்க வேண்டும், அதிர்வில் அவை தளரும்.

பழைய எரிபொருள் டாங்கியைப் புது எஞ்சினோடு இணைக்கவே வேண்டாம் என்பேன். அடியில் தங்கிய துருவும் தண்ணீரும் நேராகக் கார்புரேட்டருக்குப் போகும். வேறு வழியில்லை என்றால் டாங்கியைக் கழுவிக் காயவைத்து, ஹோஸையும் கைப்பம்பையும் புதிதாக மாற்றி, நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். குமரிக் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை நெருங்கும்போது திரும்பப் பெட்ரோலுக்கு வந்துவிட்டு நிறுத்த வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

ஓடும்போது பின்னால் பீச்சும் தண்ணீர்த்தாரையில் ஒரு கண் வேண்டும். அதுதான் குளிர்நீர் சுற்றுவதற்கு அடையாளம். அலை அடிக்கும் கரையிலிருந்து இறங்கும் படகுகளில் மணல் உள்ளே போய் பம்பின் ரப்பர் இம்பெல்லரை அரித்துவிடும், தாரை வரும் துளையையும் அடைத்துவிடும். தாரை மெலிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலும் இம்பெல்லர் கருகக்கூடும் என்பதால் கரையில் "ஒரு சத்தம் கேட்போம்" என்று கிளப்பிப் பார்ப்பதும் கூடாது.

இந்தப் பத்து மணி நேரத்தில் ஆழக்கடலுக்குப் போகாமல், கரை தெரியும் தூரத்தில், பாதி வலையோடு தொழில் செய்வது நல்லது. பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் உடனே விற்றுவிடாமல் படகிலேயே உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணி நேரம் ஆனதும் கியர் ஆயிலை வடிக்க வேண்டும். பல மாடல்களில் கீழ்த்திருகின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோல மெல்லிய பசை ஒட்டியிருந்தால் பல்சக்கரங்கள் ஒழுங்காகப் பழகுகின்றன. விரலில் உறுத்தும் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல்நீர் புகுந்திருக்கிறது, வாரண்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மாற்றச் சொல்வார்கள். தேய்ந்த உலோகத் தூள் முழுவதும் அந்த முதல் எண்ணெயில்தான் மிதந்துகொண்டிருக்கும்.