பாட்டு பிறந்த கதை – 17: சிவப்பு மையில் அடிக்கோடு

சென்ற வாரம் ஃபோல்சம் சிறைக்குள் ஜானி கேஷ் பாடியதைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும்.

ஒருவன். சாகும்வரை உன்னை மறக்கமாட்டேன் என்று ஒருத்தியிடம் சொன்னவன். நாளானால் மறந்துவிடுவாய் என்றாள் அவள், போய்விட்டாள். அவன் மறக்கவில்லை. அவள் படம் சுவரில் தொங்குகிறது. படுக்கையருகே 1962ஆம் ஆண்டு தேதியிட்ட கடிதங்கள். காதலிக்கிறேன் என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் சிவப்பில் அடிக்கோடு. இதையெல்லாம் சொல்கிறவன் அவனுடைய நண்பன். இன்றைக்குப் பார்க்கப் போனேன், அவன் கண்ணில் நீர் இல்லை, வெளியூர் கிளம்புகிறவன்போல் நல்ல உடுப்பு, பல வருஷம் கழித்து முகத்தில் சிரிப்பு என்கிறான். அப்பாடா, ஒருவழியாக மீண்டுவிட்டான் என்று நாம் மூச்சு விடும்போது, வாசல் கதவில் மலர்வளையம் மாட்டியிருக்கிறது.

பாட்டின் பெயர் 'ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹர் டுடே'. இன்றோடு அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான் என்று பொருள். அவன் செத்துப்போனான் என்று பாட்டு எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாகும்வரை என்று முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்தான் அல்லவா? அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்பதை நாமே கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதல்முறை கேட்டபோது எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. அந்த இரண்டு நொடிதான் இந்தப் பாட்டு.

எழுதியவர்கள் இருவர்: பாபி பிராடக், கர்லி புட்மன். புட்மன் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' அவருடையதுதான். அதிலும் ஊர் திரும்பிய மகிழ்ச்சி கடைசியில் மரண தண்டனைக் கைதியின் கனவாக முடியும். தயாரிப்பாளர் பில்லி ஷெரில் இவர்களை விடவில்லை. திரும்பத் திரும்ப மாற்றி எழுதவைத்தார். அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை அவனைப் பார்க்க வரவேண்டும் என்று கேட்டார். எழுதினார்கள். பாட்டின் நடுவே இசை தணிய, பாடாமல் பேச்சாகவே வரும் நான்கு வரி அதுதான்.

பாடவேண்டியவர் ஜார்ஜ் ஜோன்ஸ். 1931இல் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா குடித்துவிட்டு நடுராத்திரியில் வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பாடச் சொல்வார், பாடாவிட்டால் அடி. அதே பிள்ளை வளர்ந்து அதே குடியில் விழுந்தது. கார் சாவியை மனைவி ஒளித்து வைத்ததும், புல் வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே மதுக்கடைக்குப் போனவர். 1979இல் மட்டும் 54 கச்சேரிகளுக்கு வராமல் போனார். 'நோ ஷோ ஜோன்ஸ்' என்றே பெயர் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அலபாமாவில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கையில் காசும் இல்லை. திவால் மனு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

அவருக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. இந்த ஒப்பாரியைக் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்பதுதான் அவர் கருத்து. மெட்டும் பிடிபடவில்லை; வாயைத் திறந்தால் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனின் வேறொரு பாட்டு மெட்டுதான் வந்தது. பாடும்போதாவது குரல் தெளிவாக வரும். பேச்சு வரியில் போதையின் குழறல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். முதல் சரணத்தைப் பதிவு செய்ததற்கும் அந்த நான்கு வரியைப் பதிவு செய்ததற்கும் நடுவே பதினெட்டு மாதம் போனது என்று ஷெரில் பின்னாளில் சொன்னார்.

ஆனால் அந்தக் குரலைக் கேளுங்கள். ஜோன்ஸ் வாயை அகலத் திறக்கமாட்டார்; பல்லைக் கடித்தபடி, தாடை அசையாமல் பாடுவார். முதல் சரணம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல இறங்கி ஒலிக்கும். பல்லவி வரும்போதுதான், அதுவரை அடக்கியது உடைகிறது. வயலின்கள் படியேறுவதுபோல மேலே மேலே போகின்றன. குரல் மட்டும் கதறாமல் நிற்கிறது. இழவு வீட்டில் அழாமல் நின்று வேலை பார்க்கிற மனிதரைப் பார்த்தால் நமக்கு அழுகை வருமே, அந்த மாதிரி.

1980 ஏப்ரலில் பாட்டு வெளியானது. அப்போது பில்போர்டு பட்டியலுக்கு இப்போதைய கணினிக் கணக்கு கிடையாது. வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கடைகளும் தெரிவிப்பதை வைத்துத்தான் தரவரிசை. ஜூலை 5ஆம் தேதிப் பட்டியலில் கன்ட்ரி பிரிவில் முதலிடம். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தனிப்பாட்டில் முதலிடம் காணாதவர் ஜோன்ஸ். அந்த இடம் ஒரே வாரம்தான் நிலைத்தது. அந்தக் கோடையில் வந்த 'அர்பன் கவ்பாய்' படப் பாட்டான 'லுக்கிங் ஃபார் லவ்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் பெரிய வெற்றி. ஆனால் கன்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 இரண்டு ஆண்டும் ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தது ஜோன்ஸின் பாட்டைத்தான். கிராமி விருதும் வந்தது. 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஒரு பாட்டு எத்தனை வாரம் உச்சியில் இருந்தது என்பதை வைத்து அதன் உயரத்தை அளக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கேட்டவர்கள் பலர் இதை ஜோன்ஸின் சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். பாடகி டாமி வைனெட்டுடன் அவருக்கு 1975இல் மணமுறிவு ஆகியிருந்தது. டாமியின் பெரும் வெற்றிப் பாட்டான, விவாகரத்து என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாடும் 1968ஆம் ஆண்டுப் பாட்டை எழுதியவர்களும் இதே பிராடக், புட்மன் இருவர்தான். மனைவிக்குப் பிரிவை எழுதிய கைகள் கணவனுக்குப் பிரிந்த பிறகான வாழ்வை எழுதின.

ஜோன்ஸ் 2013 ஏப்ரல் 26 அன்று நாஷ்வில்லில் இறந்தார். மே 2ஆம் தேதி கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் இறுதி அஞ்சலி. கடைசியில் ஆலன் ஜாக்சன் மேடையேறி இந்தப் பாட்டைத்தான் பாடினார். முடிக்கும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.