2 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய ஹைபிரிட் கார்: வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் 2012ஆம் ஆண்டு அக்வா கார் ஒன்றை லீசிங்கில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீற்றரில் 1 இலட்சத்து 10 ஆயிரம் கிலோமீற்றர். மூன்று மாதமாக ஒரு சத்தம் இல்லை, ஒரு குறை இல்லை. பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா புறப்படுகிறார்கள். ஏ9 வீதியில் கண்டி வரை சுகமான ஓட்டம். கம்பளை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் திடீரென்று டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. பின் ஆசனத்துக்குக் கீழே ஃபேன் இரையுது. கார் இழுக்க மாட்டன் என்று நிற்குது. இழுத்துக்கொண்டு போன கராஜில் கிடைக்கும் பதில்: "பற்றரி போயிட்டு."

பற்றரி றம்பொடையில் பழுதாகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓடும்போதே அது பழுதாகிக்கொண்டுதான் இருந்தது. சமதரையில் அது வெளியே தெரியாது, அவ்வளவுதான். பழைய ஹைபிரிட் கார்களில் வரும் பெரிய செலவுகளில் பல இப்படித்தான்: எங்கோ தூசி அடைத்து, எங்கோ சூடு கூடி, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து கடைசியில் ஒரு நாள் விளக்கு எரியும்.

ஏன் இவ்வளவு பழைய கார்கள் ஓடுகின்றன?

2010களில் வரிச் சலுகை கிடைத்த காலத்தில் ஜப்பானிலிருந்து பிரியஸ், அக்வா, அக்ஸியோ, ஹொண்டா ஃபிட், வெசெல் என்று ஹைபிரிட் கார்கள் நாட்டுக்குள் நிறையவே வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று இருந்த நாட்களில், ஹைபிரிட் வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் இல்லை. புதிய இறக்குமதிக்கான வரி இப்போதும் அதிகம். அதனால் 12, 13 வயதான கார்களே கைமாறிக்கொண்டு இருக்கின்றன, அதுவும் நல்ல விலைக்கு.

முதலில்: எந்த ஹைபிரிட்?

எல்லாவற்றையும் 'ஹைபிரிட்' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், ஆனால் உள்ளே வேறு வேறு சாமான். டொயோட்டாவின் பிரியஸ், அக்வா, அக்ஸியோ ஆகியவற்றில் கியர் பெட்டிக்குப் பதிலாக இரண்டு மின்மோட்டார்களும் ஒரு பற்சக்கரத் தொகுதியும் இருக்கின்றன. பெல்ட் இல்லை, கிளச் இல்லை. கிலோமீற்றர் கூடக் கூடத் தேய்ந்துபோகும் பகுதிகள் குறைவு. இந்த விஷயத்தில் இவை கெட்டி.

ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசெல் ஆகியவற்றில் 7 கியர் இரட்டைக் கிளச் அமைப்பு. கிளச் எண்ணெயில் நனையாத உலர் வகை. கொழும்பு காலி வீதியில் பின்னேரம் 5 மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது இந்தக் கிளச் சூடாகும். 2013, 2014இல் வெளிவந்த ஆரம்பக் கார்களை ஜப்பானிலேயே பல தடவை திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். அந்த வருடத்துக் கார் என்றால் திருத்தங்கள் செய்யப்பட்டதற்கான பதிவைக் கேளுங்கள். வெகன் ஆர் வேறு கதை. மோட்டார் பெரும்பாலும் எஞ்சினுக்கு உதவி செய்வதற்குத்தான். பற்றரியும் சிறியது, பயமும் சிறியது. இங்கே அதிகமாகப் பேசப்போவது டொயோட்டா வகையைப் பற்றித்தான், கேள்விகளும் அதைப் பற்றியே அதிகம்.

மீற்றரை நம்பலாமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 13 வயதுக் காரில் 90 ஆயிரம் என்று காட்டினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 7 ஆயிரம், நாளுக்கு 20 கிலோமீற்றருக்கும் குறைவு. ஒரு ஆசிரியர் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மட்டும் ஓட்டிய கார் என்றால் நம்பலாம். கொழும்பில் ஹயர் ஓடிய காருக்கு அது பொருந்தாது. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டியரிங்கின் வழவழப்பு, சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை மீற்றரைவிட உண்மை பேசும். ஜப்பான் ஒக்ஷன் ஷீட்டை விற்பவர் தரும் பிரதியில் பார்க்காமல், செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே எடுப்பிப்பது நல்லது. ஒழுங்கான சேர்விஸ் பதிவோடு 2 இலட்சம் ஓடிய கார், பதிவே இல்லாத '80 ஆயிரம்' காரைவிட மேல்.

பற்றரி எப்படிச் சாகிறது?

3ஆம் தலைமுறை பிரியஸில், அதாவது 2009இல் வந்த மொடலில், 28 மொடியூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் 6. எல்லாம் வரிசையாக இணைத்து 201.6 வோல்ட். அக்வாவில் 20 மொடியூல், 144 வோல்ட். இரண்டும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. காரின் கணினி இந்தப் பற்றரியை முழுதாக நிரப்பவும் விடாது, முழுதாக வடிய விடவும் விடாது. நடுவில் வைத்தே பாவிக்கும். பத்து வருடத்துக்கு மேல் உழைப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் வரிசை இணைப்பு என்பதால் ஒரு செல் சோர்ந்தால் முழுப் பற்றரியும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். சோர்ந்த செல் மற்றவற்றைவிடச் சூடாகும், சூடானால் இன்னும் சோரும். சமதரையில் 40, 50இல் போகும்போது மோட்டார் கேட்கும் மின்சாரம் குறைவு, குறை மறைந்துவிடும். றம்பொடை, கடுகண்ணாவ மாதிரி ஏற்றத்தில் நிறுத்தாமல் கேட்கும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்தப் பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் ஆசனத்தின் பக்கத்திலோ கீழேயோ ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதன் வழியாக ஃபேன் காற்றை இழுக்கும். அந்த இடத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? பாடசாலைப் பை, அரிசி மூட்டை, மாமி கொடுத்துவிட்ட மாம்பழப் பெட்டி என்று எல்லாவற்றையும் அதன் முன்னால்தான் வைக்கிறோம். செம்மண் தூசி, ஆசனத்துப் பஞ்சு, தலைமயிர் எல்லாம் ஃபேன் இதழ்களில் பாய் மாதிரிப் படியும். வருடத்துக்கு ஒரு தடவை ஃபேனைக் கழற்றித் துப்புரவாக்கினால் போதும். ஒரு சாதாரண சேர்விஸோடு முடியும் வேலை இது. செய்யாமல் விட்டால் கடைசியில் பற்றரித் தொகுதியையே மாற்ற வேண்டி வரலாம். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு ஏசியைப் போடுங்கள். அந்தக் குளிர் உங்களுக்கு மட்டும் இல்லை, பற்றரிக்கும் சேர்த்துத்தான்.

'பற்றரி செத்தாலும் பெற்றோலில் ஓடலாம்தானே?' என்று பலர் நினைக்கிறார்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் அது நடக்காது. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, எஞ்சினை இயக்கி விடுவதே இந்தப் பெரிய பற்றரிதான். அதனால்தான் பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கி விட்டு மின்சாரத்தில் ஊர்ந்து போவதும் ஆபத்து. பற்றரி ஒரு எல்லைக்குக் கீழே வடிந்தால், பிறகு பெற்றோல் ஊற்றினாலும் கார் எழும்பாமல் போகலாம்.

இன்னொரு பழக்கம்: நெரிசலில் நியூட்ரலில் போட்டுவிட்டு ஏசியோடு நிற்பது. நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பற்றரி சார்ஜ் ஆகாது. டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள், நீண்ட நேரம் என்றால் பி-யில் போடுங்கள்.

'பற்றரி மாத்த வேணும்' என்றால் உடனே மாற்ற வேண்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். ஸ்கேன் கருவியில் பி0ஏ80 என்ற கோட் வந்தால் பற்றரித் தொகுதி பழுது என்று பொருள். ஆனால் அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பிளொக்கின் வோல்ட் அளவையும் காட்டச் சொல்லுங்கள். பிரியஸில் இரண்டு மொடியூலுக்கு ஒன்றாக 14 பிளொக் இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1.2 வோல்ட் அளவுக்குக் கீழே நின்றால் ஒரு செல் செத்திருக்கிறது என்று கணக்கு. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அந்தத் தகடுகளில் பச்சைப் பாசம் பிடிக்கும். அதுவே பிழையான அளவைக் கொடுத்து விளக்கை எரிய வைக்கும். தகட்டைச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்த கார்களும் உண்டு.

செத்த மொடியூலை மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் மிச்ச மொடியூல்களுக்கும் அதே வயது. இன்றைக்கு ஒன்று, நாலு மாதத்தில் இன்னொன்று. அவசரத்துக்கு ஒரு தடவை செய்யலாம், அதையே வழியாக வைத்துக்கொள்ளக்கூடாது. பழைய தொகுதி வாங்கினாலும் புதிது வாங்கினாலும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். இதை வீட்டில் கழற்றிப் பார்க்கும் ஆசையே கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடுகிறது. 3ஆம் தலைமுறை பிரியஸின் இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தும். பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நிமிடங்கள் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும்.

பற்றரியையே பார்த்துக்கொண்டிருந்தால் எஞ்சின் போய்விடும்

1.8 லீற்றர் பிரியஸில் எல்லோரும் பற்றரிக்குப் பயப்படுகிறார்கள். அதிக கிலோமீற்றரில் அதைவிடப் பெரிய செலவு சில வேளை எஞ்சினிலிருந்து வரும். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். என்ற அமைப்பு இதில் இருக்கிறது. அந்தக் கூலரில் கரி படிந்து அடைக்கும். அடைத்தால் எஞ்சினுக்குள் சூடு கூடும், ஹெட் கேஸ்கட் போகும். ஹெட் கேஸ்கட் போவதற்கு மெக்கானிக்மார் அதிகம் சொல்லும் காரணம் இதுதான்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் முதல் தடவை எழுப்பும்போது, எஞ்சின் சில விநாடி 'கடகட' என்று குலுங்கினால், வெளியே கசிவு இல்லாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். கூலன்ட்டை நிரப்பி நிரப்பி ஓடுவது மருந்தல்ல. 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவையாவது இந்தக் கூலரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பொனட்டுக்குள் இரண்டு கூலன்ட் போத்தல்கள் இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு. இரண்டாவதை நிறையப் பேர் எட்டியும் பார்ப்பதில்லை. இதோடு, 3ஆம் தலைமுறை பிரியஸ் கார்களை 2014 பெப்ரவரியில் உலகம் முழுவதும், ஏறக்குறைய 19 இலட்சம் கார்களை, டொயோட்டா இன்வெர்ட்டர் மென்பொருள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. அதற்கு முன்னர் இலங்கைக்கு வந்த கார் என்றால் அந்தத் திருத்தம் நடந்ததா என்று செசி இலக்கத்தை வைத்து விசாரியுங்கள்.

மற்றவை சுருக்கமாக: எஞ்சின் எண்ணெய் 0டபிள்யூ-20 என்று கையேட்டில் இருந்தால் அதையே ஊற்றுங்கள். 'ஆயுளுக்கும் மாத்தத் தேவையில்லை' என்று சொல்லப்படும் கியர் எண்ணெயை 1 இலட்சத்தில் மாற்றுவது நல்லது. பிரேக் பேட் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் பாவனை குறைவதால் கலிப்பர் பின்கள் இறுகிப்போகும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கிறீஸ் போடவேணும். பிரேக்கை மிதிக்காமலே சில விநாடிக்கு ஒரு தடவை மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் அது பிரேக் தொகுதியின் முறைப்பாடு, தள்ளிப்போட வேண்டாம். சின்ன 12 வோல்ட் பற்றரி சோர்ந்தால் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும், பெரிய பற்றரி போனது மாதிரியே தெரியும். முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். வெளிநாடு போகும் வீட்டார் காரை மாதக்கணக்கில் அப்படியே மூடி வைக்காமல், யாரையாவது கொண்டு மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட வைக்கலாம்.

வாங்கப் போகும் நாளில்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்: "அண்ணை, நான் வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ." காலையில் போய்ப் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேணும். ஏசியைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஏற்றம் இல்லாத ஊர் என்றால் வெறும் வீதியில் வேகமெடுத்து, மெதுவாகப் பிரேக் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்து பற்றரிக் கோடுகளைக் கவனியுங்கள். நிமிடக்கணக்கில் 2 கோட்டிலிருந்து 8 கோட்டுக்குத் தாவி, அதே வேகத்தில் கீழே விழுந்தால் கொள்ளளவு போய்விட்டது. பின்னால் ஃபேன் விடாமல் இரைந்தாலும் அதே சந்தேகம்தான். பிறகு, விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகாமல், நீங்கள் தெரிந்தெடுத்த கராஜில் ஸ்கேன் செய்யுங்கள். மறுத்தால் திரும்பி வாருங்கள். விலை பேசும்போது ஒரு பற்றரித் தொகுதிக்கான காசை மனதில் கழித்துவிட்டே பேசுங்கள். லீசிங் தவணை கட்டிக்கொண்டு காரைக் கராஜில் நிறுத்தி வைத்திருப்பதுதான் குடும்பத்தை நெருக்கும்.

வழியில் சிவப்பு முக்கோணம் எரிந்தால்?

ஏற்றத்தில் அழுத்தி ஓட்டி 'எப்படியாவது மேலே போவம்' என்று பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். பின் ஆசனத் துவாரத்தின் முன்னால் பொதி ஏதும் இருந்தால் எடுத்துவிட்டு, காரை அணைத்துக் கதவுகளைத் திறந்து ஆற விடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு எழும்பினால், மெதுவாகக் கிட்டிய கராஜுக்குப் போகலாம். எழும்பாவிட்டால் ஏற்றிக்கொண்டுதான் போகவேணும். 12 வோல்ட் பற்றரியின் வயரைக் கழற்றிப் பூட்டி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும், என்ன பழுது என்று சொல்லும் கோட்டும் அழிந்துபோகும். முதலில் ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பி இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான்.