கள்ளி நிற்கும் கொல்லைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஜூன் மாத வெயில் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டிவிடும். சொனோரன் பாலைவனத்துக்குள்ளேயே அமைந்த ஊர் இது. ஆனாலும், இங்கே பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் காடு மேடு அலைய வேண்டியதில்லை. கொல்லையில் நாற்காலியைப் போட்டு அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

விடிந்ததும் பல கொல்லைகளில் முதலில் கேட்பது கேக்டஸ் ரென்னின் குரல். ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் பழைய காரின் கரகரப்பு அது. 1931 முதல் இதுதான் அரிசோனாவின் மாநிலப் பறவை. பழுப்பு உடல், மார்பில் கரும்புள்ளிகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். தொட்டாலே விரலில் தைக்கிற சோய்யா கள்ளியின் முட்களுக்கு நடுவே, காய்ந்த புல்லால் உருண்டையாகக் கூடு பின்னி, பக்கவாட்டில் குழாய்போல வாசல் வைக்கும். முள்தான் காவல். முட்டையிட ஒன்று, இரவில் உறங்க வேறொன்று என்று பல கூடுகள் கட்டும். இந்தப் பறவை தண்ணீர் குடிப்பதே அபூர்வம். தின்னும் பூச்சியிலும் பழத்திலும் உள்ள ஈரத்தைக் கொண்டே காலத்தை ஓட்டிவிடும்.

இப்படிப்பட்ட பறவைகள் புல்தரையைத் தேடி வருவதில்லை. மண்ணுக்குரிய செடியைத் தேடித்தான் வருகின்றன. மெஸ்கீட் மரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நம்மூர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. இங்கே வேரோடு பிடுங்கச் சொல்கிறோம். அங்கே அது பிறந்த மண்ணில் நிற்கும் மரம். அதன் பொந்துகளிலும், பெயர்ந்து நிற்கும் பட்டைக்குப் பின்னாலும் லூசி வார்ப்ளர் என்ற சின்னஞ்சிறு பறவை கூடு வைக்கிறது. அதே மரத்தின் கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பழத்துக்காகவே ஃபைனோபெப்லா என்ற பறவை வருகிறது.

ஆண் ஃபைனோபெப்லா பளபளக்கும் கருப்பு. தலையில் கொண்டை, கண் ரத்தச் சிவப்பு. புல்லுருவிக் கொத்தைத் தன் சொத்துபோலக் காவல் காக்கும். தின்ற பழத்தின் ஒட்டும் விதை எச்சத்தோடு கிளையில் விழுந்து, அங்கே புதிய புல்லுருவி முளைக்கும். படம் எடுப்பவரைச் சோதிக்கும் பறவையும் இதுவே. வெளிச்சமான வானத்தின் முன் உட்கார்ந்தால் கேமராவுக்கு அது வெறும் நிழல். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வைத்தால்தான் இறகின் நீலப் பளபளப்பும் கண்ணின் சிவப்பும் தெரியும். சூரியன் தாழ்வாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரமே நல்ல நேரம். உச்சி வெயிலில் தரையிலிருந்து எழும் கானல், எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸையும் தோற்கடித்துவிடும்.

செடிக்கு அடுத்தது தண்ணீர். டூசான்வாசியான பிராட் லான்காஸ்டர், சாலையோரத் தடுப்புக்கல்லை வெட்டி, தெருவில் ஓடி வீணாகும் மழைநீரை மரக்குழிக்குத் திருப்பிவிட்டார். அனுமதியில்லாமல் தொடங்கிய அந்த முறையை நகராட்சி பிறகு சட்டபூர்வமாக்கியது. இன்று அந்தத் தெருவோரங்களில் நாட்டு மரங்கள் நிழல் தருகின்றன. பறவைகளுக்கும் வீட்டுக்காரர்கள் தண்ணீர் வைக்கிறார்கள்: ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டு, ஏறி நிற்க ஒரு கல், பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு முட்புதர்.

இது வெறும் உபசாரம் இல்லை. பக்கத்து மொஹாவி பாலைவனத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னெல் குழுவினர் பறவைகளைப் பதிவு செய்த இடங்களுக்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். 2018இல் வெளியான முடிவு: ஒவ்வோர் இடமும் சராசரியாக 43 சதவீதப் பறவை இனங்களை இழந்திருந்தது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்து, உடலின் நீரை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. வெப்பம் ஏற ஏற இழக்கும் நீரும் கூடுகிறது. சூட்டைத் தணிக்கத் தேவைப்படும் நீர் மிகவும் கூடிய இனங்கள்தாம் அதிகம் குறைந்தன என்று அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

இந்த நிலையில், படத்துக்காகப் பறவையை மேலும் வாட்டுவது கொடுமை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், கூடு தெரிவதற்காகக் கிளையை ஒடிப்பதும் அப்படிப்பட்டவை. எதிரி வந்துவிட்டதென்று நம்பி அலையும் பறவை, தன் குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இழக்கிறது.

கொல்லையில் எடுத்த படம் பறவைக்கே பயன்படவும் வழி இருக்கிறது. 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகம் முழுக்க பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் பங்கேற்கிறார்கள். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும், படம் இருந்தால் அதையும் சேர்க்கலாம். அடுத்த பிப்ரவரியில் உங்கள் வீட்டுக் கொல்லையையும், கொல்லை இல்லாவிட்டால் மொட்டைமாடியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.