எண்ணெயில் மிதக்கும் இரும்பு

அனல்மின் நிலையத்தில் பல டன் எடையுள்ள நீராவி டர்பைனின் தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது. மாதக்கணக்கில் நிற்பதில்லை. அத்தனை எடையையும் தாங்கும் பேரிங்கின் உலோகத்தை ஓட்டத்தின்போது அந்தத் தண்டு தொடுவதே இல்லை. நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு தலைமுடியைத் தாண்டாது.

இது முதலில் தெரியவந்தது தற்செயலாகத்தான். 1880களின் தொடக்கத்தில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார் போஷாம்ப் டவர். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் துளை வழியே மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், பிதுங்கி வெளியேறியது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான்!

1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார். தண்டு பேரிங்கின் மையத்திலிருந்து சற்று விலகியே இருக்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும். சுழலும் பரப்பில் ஒட்டிய எண்ணெய் அந்தக் குறுகலுக்குள் இழுக்கப்பட்டு நெருக்குண்டு, தண்டையே தூக்கிவிடுகிறது. தூக்கும் விசையைத் தருவது சுழற்சிதான்.

அதனாலேயே ஆபத்தான நேரம், இயந்திரம் கிளம்பும் நேரமும் நிற்கும் நேரமும். வேகம் போதாதபோது படலம் உருவாவதில்லை. உலோகம் உலோகத்தில் உரசும். மிகப்பெரிய டர்பைன்களில் அப்போது உயர் அழுத்த எண்ணெயைக் கீழிருந்து செலுத்தித் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்தாலோ, படலத்தைவிடப் பெரிய தூசி புகுந்தாலோ, அலைன்மென்ட் பிசகினாலோ ஆபத்து எந்த வேகத்திலும் உண்டு. பராமரிப்பாளர் எண்ணெயை வடிகட்டிச் சோதிப்பதை எளிய வேலையாக எண்ணிவிடக் கூடாது. ஆலையின் ஓட்டமே அதில் இருக்கிறது.

இதுவரை சொன்னது படுத்திருக்கும் தண்டு; நிமிர்ந்து நிற்கும் தண்டின் பாரமோ தட்டையான வளையத்தின் மேல் இறங்கும். இணையான இரு தட்டைப் பரப்புகளுக்கிடையே குறுகல் ஏது? வளையத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தானே லேசாகச் சாய்ந்துகொள்ள விட்டார் அமெரிக்கரான ஆல்பர்ட் கிங்ஸ்பரி. ஆஸ்திரேலியாவின் மிச்சலும் தனியே இதே வழியைக் கண்டார். 1912இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் கிங்ஸ்பரியின் பேரிங் சுமார் 220 டன்னைத் தாங்கத் தொடங்கியது. பல பத்தாண்டு ஓடியபின் தேய்மானத்தை அளந்தார்கள். அந்த வேகத்தில் தேய்ந்தால் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் உழைக்கும் என்று கணக்கு வந்தது. நான் அறிந்த பொறியியல் சாதனைகளில் இதைவிட அமைதியான ஒன்று இல்லை.

தாங்குகிற படலமே சில வேளை தண்டைச் சுழற்றியடிக்கும். சுமை குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தால் எண்ணெய் தண்டைச் சுற்றித் தள்ளத் தொடங்குகிறது. அந்த அதிர்வின் வேகம் தண்டின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அளவிடுபவர் அதைக் கொண்டே நோயைக் கண்டுபிடிப்பார். உர ஆலைகளின் அதிவேக கம்ப்ரஸர்களில் இதற்கும் சாயும் துண்டுகளே மருந்து: ஒவ்வொன்றும் தனித்தனியே சாய்வதால், பக்கவாட்டில் தள்ளும் விசை சேர்ந்து பெருக வழியில்லை.