மீண்டும் நிரப்பிய தோட்டாவில் பித்தளை தோற்கும் இடம்

சுடும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டாலோ பின்புறமாக வாயு பீறிட்டாலோ பழி முதலில் துப்பாக்கியின் மீதே விழுகிறது. ஆனால் ஒருமுறை சுட்ட உறையை எடுத்து மீண்டும் நிரப்பிய தோட்டாக்களில், கோளாறின் வேர் பெரும்பாலும் அந்தப் பித்தளை உறைக்குள்ளேயே இருக்கிறது. ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இந்த உறை, வெடிமருந்து எரியும் கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, இழுத்து வெளியேற்றுவதற்கு இடம் கொடுக்கிறது. .308 வின்செஸ்டர் போன்ற வேட்டைத் தோட்டாவில் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,200 மடங்குவரை செல்லலாம் என்பதை நினைத்தால், இந்த மெல்லிய உலோகச் சுவரின் பொறுப்பு விளங்கும்.

அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரர்களும் சுட்ட உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பற்றவைக்கும் மூடியான பிரைமரையும் மருந்தையும் குண்டையும் புதிதாகப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உறை விரிந்து, மீண்டும் நசுங்குவதால், படிகங்களுக்குள் அணு அடுக்குகளின் பிசகுகள் பெருகி ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கின்றன. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போல, உலோகம் கடினமாகிக்கொண்டே வந்து இறுதியில் கழுத்துப் பகுதி நீளவாக்கில் பிளக்கிறது. கழுத்தை மட்டும் அளவாகச் சூடாக்கினால் மென்மை திரும்பும். அந்தச் சூடு அடிப்பகுதிக்கும் பரவிவிட்டால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே இளகிப்போவதால், அது பிளந்த கழுத்தைவிடப் பெரிய ஆபத்து.

இன்னும் அஞ்சத்தக்கது அடிப்பகுதி தனியே கழன்றுவிடுவது. சுடும்போது உறையின் முன்சுவர் அறையைப் பற்றி நிற்க, தடித்த அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அச்சு, கழுத்துக்குக் கீழே சரியும் உறையின் தோளை வேண்டியதற்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருந்தால், அதனால் அறைக்குள் உண்டாகும் இடைவெளி முழுவதையும் அடிக்குச் சற்று மேலே உள்ள குறுகிய வளையமே நீண்டு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. வெளியே பளபளப்பான கோடாகவும் உள்ளே பள்ளமாகவும் தெரியும் அந்த வளையம் ஒருநாள் அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கி அடுத்த தோட்டாவை நுழையவிடாமல் தடுக்கிறது. நீண்டுபோன உறையை வெட்டிச் சரிசெய்யாவிட்டால், அதன் வாய் அறையின் முனையில் நெருக்குண்டு குண்டை இறுகப் பிடித்துக்கொள்ள, அழுத்தம் அளவுமீறி உயர்கிறது.

இவற்றையாவது கவனமுள்ள கண் கண்டுகொள்ளும். வேதியியல் விளைவிக்கும் சேதம் அப்படியல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பயிற்சிக்காகச் சுட்ட உறைகளை மீண்டும் நிரப்பிவந்த அமெரிக்கப் படை, பிரைமரில் இருந்த பாதரச ஃபல்மினேட் வெடித்தபின் எஞ்சும் பாதரசம் பித்தளையின் படிக எல்லைகளுக்குள் ஊடுருவி உறையை நொறுங்கும் தன்மையுடையதாக்குவதை உணர்ந்தது. கரிமருந்துக் காலத்தில் ஏராளமாக எஞ்சிய புகைக்கரி பாதரசத்தின் பெரும்பகுதியைத் தன்னோடு ஏந்திக்கொண்டதால் மட்டுப்பட்டிருந்த இந்தத் தீங்கு, புகையில்லா மருந்து வந்ததும் முழு வலுவுடன் வெளிப்பட்டது. 1898 வாக்கில் பாதரசம் இல்லாத, பொட்டாசியம் குளோரேட் கொண்ட பிரைமர் வந்து உறைகளைக் காத்தது. ஆனால் அது விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது.

ஒருமுறைகூடச் சுடப்படாத உறைகளே பிளந்த வரலாறு இந்தியாவுக்கு உரியது. பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்கள், குண்டைப் பிடிக்க உறை குறுக்கப்பட்ட கழுத்தருகே பிளந்து காணப்பட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்து வடித்தபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும், ஈரக்காற்றும் கூடியதே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் விளக்கினர். மிதமான சூட்டில் அந்த உள் இறுக்கத்தைத் தளர்த்தினால் பிளவு தவிர்க்கப்படுகிறது. இராணுவ உறைகளின் கழுத்தில் நீலம் பாய்ந்த கறை துடைக்கப்படாமல் விடப்படுவது, இந்தச் சூடாக்கல் நடந்ததற்குச் சான்றாகத்தான். பழைய உறைகளைப் பளபளப்பாக்க விரும்புவோர் அம்மோனியா கலந்த உலோக மெருகுநீரைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கைக்கும் இதே காரணம் இன்றும் நிற்கிறது.