உப்புக் காற்றும் உதைத்தாலும் கிளம்பாத வண்டியும்

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். அதனால எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுடுங்க. ஆனா இந்த விஷயத்தைத் தமிழ்லதான் சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னா இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தமிழ்லதான் சொன்னார்.

எங்க ஊர் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே போனா பழவேற்காடு ஏரி. வலையில வந்த இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில கட்டி, விடியுறதுக்குள்ள மீஞ்சூர் பக்கம் கொண்டு போகணும். அப்பாவுக்கு இருக்கிறது ஒரு பழைய ஸ்ப்ளெண்டர். போன வருஷம் நவம்பர் மழையில, காலை நாலு மணிக்கு அது கிளம்பல. ஐஸ் கரைய ஆரம்பிச்சிடுச்சு. மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற நான் முப்பது தடவை கிக்கரை உதைச்சேன், சோக்கை இழுத்து இழுத்து விட்டேன். பெட்ரோல் வாசம் வந்ததே தவிர வண்டி முனகக்கூட இல்லை. அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பக்கத்து வீட்டு அண்ணன் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். வந்து நின்னு பார்த்தார். "தம்பி, முதல்ல உதைக்கிறத நிறுத்து. அந்த டார்ச்சை அணை. இப்ப ஒரே ஒரு தடவை உதை"ன்னார். உதைச்சேன். இருட்டுல ப்ளக் கேப்பைச் சுத்தி நீலமா ஒரு பொறி ஓடுச்சு! ப்ளக்குக்குள்ள விழ வேண்டிய ஸ்பார்க் வெளியவே கசிஞ்சு இன்ஜின் பாடிக்குப் போயிட்டிருந்தது.

இதுக்குக் காரணம் நம்ம புத்தகத்துலயே இருக்கு. ப்ளக்குக்குப் போற மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். அது எப்பவும் சுலபமான வழியைத்தான் தேடும். சாதாரண உப்பு, காத்துல ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும். ப்ளக் கேப் மேல படிஞ்ச உப்பு மழைக்காலத்துல ஒரு ஒயர் மாதிரி வேலை செய்யுது. எங்க ஊர்லயே கடல் தண்ணியில இருந்து உப்பைப் பிரிச்சுத் தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற ஆலை 2010-ல இருந்து இருக்கு. வண்டியில படியிற உப்பை மட்டும் நாமதான் துடைக்கணும்.

சரி, உங்க வண்டி கிளம்பலேன்னா என்ன பண்றது? இன்ஜினுக்கு மூணு விஷயம் வேணும்: பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை, சரியான நேரத்துல ஸ்பார்க், போதுமான கம்ப்ரஷன். மூணுல எது இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. இந்த வரிசையில போங்க.

முதல் படி: சிரிக்காம இதைப் பாருங்க. டேங்க்ல பெட்ரோல் இருக்கா? பெட்ரோல் டேப் திறந்திருக்கா, ரிசர்வ்ல வெச்சா வருதா? கில் சுவிட்ச் இருக்கிற வண்டின்னா அது ஆன்ல இருக்கா? டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து மூடுங்க. மூடியில இருக்கிற சின்னக் காத்து ஓட்டை அடைச்சிருந்தா பெட்ரோல் கீழே இறங்காது.

இரண்டாவது படி: சோக் போட்டு அஞ்சாறு தடவை உதைச்சுட்டு ப்ளக்கைக் கழட்டுங்க. நுனி ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, சந்தேகம் ஸ்பார்க் மேல. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரல, சந்தேகம் கார்புரேட்டர் மேல. இந்த ஒரு கேள்விதான் வழியைப் பிரிக்குது.

ப்ளக் ஈரமா இருந்தா: அதைத் துடைச்சுக் காயவெச்சு, கேப்ல மாட்டி, அதோட இரும்புப் பாகம் இன்ஜின் மேல நல்லாத் தொடுற மாதிரி வெச்சு உதைங்க. கையால பிடிக்காதீங்க, ஷாக் அடிக்கும். ப்ளக் ஓட்டையில இருந்து தள்ளி வைங்க, அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமான பொறி வந்தா நல்லது. மஞ்சளா, சோகையா வந்தா ப்ளக்கை மாத்திப் பாருங்க. அப்பவும் சரியா வரலேன்னா ப்ளக் கேப்பைத் திருகிக் கழட்டி உள்ளே பாருங்க. எங்க வண்டியில ஒயர் நுனி பச்சை பூத்திருந்தது. அண்ணன் அதை அஞ்சு மில்லிமீட்டர் வெட்டிட்டு, கேப்பைத் துடைச்சு, திரும்பத் திருகினார்.

பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி ஏசி சிடிஐ வண்டிகள்ல ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. அதனால கிக்கர்ல கிளம்பலேன்னா உடனே பேட்டரி வாங்க ஓடாதீங்க.

ப்ளக் காய்ஞ்சிருந்தா: கார்புரேட்டர் அடியில இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்துங்க. பெட்ரோல் வரலேன்னா டேப்போ ட்யூபோ அடைச்சிருக்கு. வந்ததுல அடியில தனியா ஒரு படலம் தெரிஞ்சா தண்ணி கலந்திருக்கு. இப்ப பெட்ரோல்ல கலக்கிற எத்தனால் தண்ணியை இழுக்கும். அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து அடியில தங்கிடும். காசிமேட்டு விசைப்படகுக்குப் போறவங்க வண்டி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துல சும்மா நிக்கும். அப்போ கார்புரேட்டர்ல இருக்கிற பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி பைலட் ஜெட்டை அடைச்சிடும். ஜெட்டைக் குண்டூசியால குத்தாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாகிடும். மெல்லிய செம்புக் கம்பி இழை போதும். நிறுத்துறதுக்கு முன்னாடியே வடிச்சு வெச்சா இந்த வேலையே வராது.

மூன்றாவது படி: ரெண்டும் சரி, ஆனா கிக்கர் லூசா இறங்குதுன்னா கம்ப்ரஷன் இல்லை. ப்ளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ப்ளக்கைத் திரும்ப மாட்டி உதைச்சுப் பாருங்க. இறுக்கம் கூடினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு. கூடலேன்னா வால்வைப் பாருங்க. இதை மெக்கானிக்கிட்ட விட்டுடலாம். ஆனா என்ன கோளாறுன்னு நீங்க சொல்லிட்டுக் கொடுக்கலாம்.

அன்னைக்கு நான் சோக்கை இழுத்து இழுத்து இன்ஜினுக்குள்ள பெட்ரோலை நிரப்பியிருந்தேன். அதனால அண்ணன் சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிக்கச் சொல்லி உதைக்க வெச்சார். நாலாவது உதைக்குக் கிளம்பிடுச்சு. அப்பா மீஞ்சூர் போய்ச் சேர்றப்போ விடிஞ்சிருந்தது. நண்டு தப்பிச்சுது, இறால் பாதி விலைக்குத்தான் போச்சு.

இப்ப ஞாயித்துக்கிழமை தோறும் நல்ல தண்ணியில வண்டியைக் கழுவி, ப்ளக் கேப்பைக் காய்ஞ்ச துணியால துடைக்கிறது என் வேலை. பத்து நிமிஷம்தான் ஆகும். உங்க வண்டியும் கடலோரத்துல நிக்குதுன்னா, இந்த வாரமே ஒரு தடவை அந்தக் கேப்பைக் கழட்டிப் பாருங்க.