டயருக்கும் வயது உண்டு

தாராவியிலிருந்து தோல் பைகளை ஏற்றிக்கொண்டு செம்பூருக்குப் போகும் டெம்போ. டயரின் வரிகள் ஆழமாகவே இருக்கின்றன. ஆனாலும் அது வெடிக்கலாம். ஏன்?

வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுகச் செய்கின்றன. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. காற்று குறைந்தாலோ பாரம் கூடினாலோ, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளடுக்குகள் பிரிந்துவிடும்.

டயரை மாற்றும்போது எதைப் பார்ப்பது? பக்கச்சுவரில் தேதிக்கான நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். '2324' என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. டயரின் அளவுக் குறியீட்டை அடுத்துள்ள எண் பாரத்தைச் சொல்லும்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வண்டி நிறுவனம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதென்று செகண்ட்ஹேண்ட் டயர் வாங்குவோரும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.